சோறு போட்ட மரம் சாய்ந்த கதை

கோடரி விழவில்லை, குண்டும் விழவில்லை. ஆயினும், ஜெர்மனி நாட்டின் நடுவே ஹார்ட்ஸ் எனும் மலைத்தொடரில், சரிவுக்குச் சரிவு மரங்கள் நின்ற நிலையிலேயே மாண்டு நிற்கின்றன. இலை இல்லை, பட்டை இல்லை, பசுமை இல்லை. சாம்பல் பூத்த வெறுங்கம்பங்கள்! தந்திக் கம்பம் நட்டவன் கம்பியை மட்டும் கட்ட மறந்துவிட்டானோ என்று எண்ணத் தோன்றும் காட்சி. நாம் அந்த மலையில் ஏறி வந்தவர்களல்ல. படத்திலே கண்டோம், அறிக்கைகளிலே படித்தோம். படித்ததை நம் தோழர்களோடு பகிர்ந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து இந்த ஏட்டைப் பிரித்திருக்கும் தோழர் கேட்கலாம்: "ஆலைப் பிரச்சினை ஆயிரம் இருக்க, ஐரோப்பாவில் மரம் பட்டுப் போனால் எனக்கென்ன?" கேட்கட்டும், கேட்க வேண்டிய கேள்விதான். அந்த மரத்துக்கு அந்த நாட்டான் வைத்த செல்லப் பெயரைச் சொன்னால் பாதி விடை கிடைத்துவிடும். 'ரொட்டி மரம்' என்றழைத்தான் அதை. நம் வழக்கிலே சொன்னால், சோறு போடும் மரம்! சோறு போட்ட மரம் சாய்ந்தது எப்படி, சாய்த்தவர் யார், சாய்ந்தபின் யார் வயிற்றில் அடி விழுந்தது என்பது உழைப்பவன் கேட்க வேண்டிய கதை. மீதிப் பாதி விடை நம்மூர் மலையிலே இருக்கிறது. அதைப் பின்னர் சொல்வோம்.

மரத்தின் பெயர் ஸ்புரூஸ். நம்மவர் அறிந்த தேவதாருவுக்கு உறவு, ஊசியிலை மரம். நூறடிக்கு மேல் நேர்க்கோடாக வளரும். தூணுக்கும் பலகைக்கும் உத்திரத்துக்கும் ஏற்றது. 2018, 2019, 2020 என மூன்றாண்டுகள் அடுத்தடுத்து அந்த நாட்டை வறட்சி வாட்டிற்று. 2018 சனவரி 18ஆம் நாள், வறட்சிக்கு முன்பே, ஒரு புயல் வீசிற்று. ஹார்ட்ஸ் மலையின் உச்சியான பிராக்கன் சிகரத்தில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் அடித்தது அந்தக் காற்று. விழுந்த மரங்களை எடுத்து முடிப்பதற்குள் கோடை வந்தது. கோடையோடு வறட்சி வந்தது. வறட்சியோடு வண்டு வந்தது. ஜெர்மன் விண்வெளி ஆய்வு மையம், வானிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு கணக்கிட்டது. 2018 சனவரி முதல் 2021 ஏப்ரல் வரை அந்த நாடு இழந்த காட்டின் பரப்பு 5 இலட்சத்து 1 ஆயிரம் எக்டேர் — ஏக்கரில் சொன்னால் 12 இலட்சத்துக்கும் மேல்! நாட்டின் மொத்தக் காட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு. அதிலே பெரும்பங்கு இந்த ஸ்புரூஸ்தான். ஹார்ட்ஸ் தேசியப் பூங்காவிலே பெரும்பாலான ஸ்புரூஸ் மரங்கள் மாண்டுவிட்டன.

"மழை பொய்த்தது, மரம் செத்தது, விதி!" என்று சொல்லி முடித்துவிடலாம். எளிய விளக்கம். விதி என்று சொல்லிவிட்டால் யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லையல்லவா? நாம் அப்படி விடுவதாக இல்லை. மரம் எப்படிச் செத்தது என்று பார்ப்போம், பிறகு ஏன் என்று கேட்போம்.

மரம் தண்ணீர் குடிப்பது விந்தையான வேலை. நூறடி உயரத்துக்கு நீரேற்ற அதனிடம் மோட்டார் இல்லை. உச்சியிலே இலையின் நுண்துளைகள் வழியே ஈரம் ஆவியாகிறது. ஆவியாகும் ஒவ்வொரு துளியும் தன் கீழே உள்ள துளியை இழுக்கிறது. அந்தத் துளி அடுத்ததை, அது அதற்கடுத்ததை... இப்படி வேர் வரையில் ஒரு நீர்க்கயிறு! இளநீரைக் குழாயிட்டு உறிஞ்சுகிறோமே, அதுபோல வெயிலே உறிஞ்சிக் கொடுக்கிறது மரத்துக்கு. நிலத்தில் ஈரம் இருக்கும்வரை கயிறு அறுவதில்லை. நிலம் காய்ந்து, காற்றும் காய்ந்து, இழுப்பு மிகுந்துவிட்டாலோ கயிறு அறுகிறது. அறுந்த இடத்தில் காற்றுக் குமிழி புகுந்து குழாயை அடைக்கிறது. ஒரு குழாய் அடைபட்டால் மரம் தாங்கும். ஆயிரம் அடைபட்டால்?

இதை அறிந்த மரம் தன் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. கதவடைப்பு! நீர் மிஞ்சுகிறது, ஆனால் அந்தத் துளை வழியேதான் மரத்தின் உணவுக்கான காற்றும் வரவேண்டும். கதவடைத்த ஆலையில் கூலி ஏது? சேர்த்து வைத்ததைத் தின்று காலம் தள்ளுகிறது மரம். திறந்தால் தாகம், மூடினால் பசி. நம் தோழர்களுக்கு இந்த நிலையை விளக்கிச் சொல்ல வேண்டுமா என்ன!

இந்தச் சமயம் பார்த்து வருகிறது பட்டைவண்டு. அரிசி மணியைவிடச் சிறிய பூச்சி. ஆண் வண்டு முதலில் பட்டையைத் துளைத்துப் புகுகிறது. தன் இனத்தை மணம் பரப்பி அழைக்கிறது. பெண் வண்டுகள் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே, நேர்க்கோடாகச் சுரங்கம் தோண்டி முட்டையிடுகின்றன. பொரித்து வரும் புழுக்கள் இருபுறமும் கிளைச் சுரங்கம் தோண்டித் தின்றுகொண்டே போகின்றன. மரத்தின் உணவு இறங்கும் வழி அந்தப் பசும்பட்டைதான். அது அறுபட்டால் வேர் பட்டினி. வண்டோடு கூட வரும் பூசணம் நீர்க்குழாய்களையும் அடைத்துவிடுகிறது. பட்டையை உரித்துப் பார்த்தால், வரி வரியாக எழுத்து அச்சடித்த பக்கம் போலிருக்கும். ஆகவே ஜெர்மானியர் இந்த வண்டுக்கு வைத்த பெயர், 'புத்தகம் அச்சடிப்பவன்'! நம் அச்சகத் தோழர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், பெயர் வைத்தது நாமல்ல.

வண்டு புதிதாக வந்த பகைவனா? இல்லை. மரம் இருந்த காலந்தொட்டு வண்டும் இருக்கிறது. வலுவுள்ள மரம், துளையிட வந்த வண்டைத் தன் பிசினைப் பீய்ச்சி மூழ்கடித்துக் கொன்றுவிடும். பிசின் சுரக்க நீர் வேண்டும். நீரில்லாத மரத்திடம் ஆயுதமில்லை. மேலும், குளிர் நாட்டு வண்டு வெப்பம் வந்தால்தான் பறக்கும். வசந்தம் முந்தி வந்து, கோடை நீண்டு, இலையுதிர் காலம் பிந்தியபோது, ஆண்டுக்கு இரண்டு தலைமுறை பெருகிய வண்டு மூன்று தலைமுறை பெருகிற்று. ஒருபுறம் நிராயுதபாணி, மறுபுறம் பெருகும் படை. முடிவு என்னவென்று கேட்கவும் வேண்டுமோ?

எப்படி என்பது இது. இனி, ஏன்?

ஹார்ட்ஸ் மலையின் உயர்ந்த முகடுகளில் மட்டுமே ஸ்புரூஸ் இயற்கையாக வளர்ந்த மரம். கீழ்ச்சரிவுகளிலே பீச் முதலிய அகன்ற இலை மரங்கள் நின்றன. அந்த மலைக்குள்ளே வெள்ளி இருந்தது, செம்பு இருந்தது, ஈயம் இருந்தது. காஸ்லர் நகரருகே உள்ள ரம்மல்ஸ்பர்க் சுரங்கம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வெட்டப்பட்டு, 1988இல்தான் மூடப்பட்டது. சுரங்கத்துக்குத் தூண் வேண்டும்; தாதுவை உருக்கக் கரி வேண்டும். மன்னர்களுக்கு வெள்ளி வேண்டும். காடு கரியாயிற்று. மலை மொட்டையாயிற்று. அப்போது வந்தது ஞானோதயம், காட்டின் மீது கொண்ட காதலால் அன்று, கரி தீர்ந்தால் வெள்ளி தீருமே என்ற கவலையால்! 1713இல் சாக்சனி நாட்டின் சுரங்க அதிகாரி கார்லோவிட்ஸ் என்பார், வெட்டும் அளவுக்கு நட்டு வளர்க்க வேண்டும் என்று ஒரு நூலே எழுதினார். நல்ல அறிவுரை. அதை மறுப்பாரில்லை. ஆனால் எதை நடுவது? விரைந்து வளர்வதை, நேராக வளர்வதை, சந்தையில் விலை போவதை! ஸ்புரூஸ் இறங்கிற்று கீழ்ச்சரிவுகளுக்கு.

1945இல் போர் முடிந்தது. வென்ற நாடுகள் ஈட்டுத்தொகை என்று ஹார்ட்ஸ் மரங்களை வெட்டி எடுத்துச் சென்றன. வெட்டிய நிலத்தில் மீண்டும் நட்டவர்கள் யார்? பெண்கள். ஆடவரில் பலர் போரிலே மாண்டனர், பலர் சிறையிலே கிடந்தனர்; குளிரிலே, குறைந்த கூலிக்கு, குனிந்து குனிந்து கன்று நட்டவர்கள் ஏழைப் பெண்கள். மேற்கு ஜெர்மனி 1949இல் வெளியிட்ட 50 பென்னிக் காசிலே, மண்டியிட்டு மரக்கன்று நடும் ஒரு பெண்ணின் உருவம் பொறித்தனர். யூரோ வரும்வரை, அரை நூற்றாண்டு காலம், அந்தப் பெண் கைக்குக் கை மாறினாள். ஒரு வேடிக்கை பாருங்கள்: காசிலே அவள் நடுவது ஓக் மரக்கன்று! மலையிலே அவளை நடவைத்தது பெரும்பாலும் ஸ்புரூஸ். காசுக்கு ஒரு மரம், காசு பார்ப்பதற்கு ஒரு மரம்!

மலை அப்போது இரண்டாகப் பிரிந்து கிடந்தது. மேற்கிலே முதலாளித்துவ அரசு, கிழக்கிலே பொதுவுடைமை அரசு, நடுவிலே முள்வேலி. ஆயினும் ஸ்புரூஸ் விஷயத்தில் மட்டும் இருவரும் ஒரே கட்சி! இரு பக்கத்தாருக்கும் கட்டைதான் கணக்கு.

ஒரே இனம், ஒரே வயது, ஒரே உயரம், ஒரே வரிசை. பார்க்க அழகு, அணிவகுப்புப் போல. அளக்க எளிது, விற்க எளிது. ஆனால் அத்தனை மரமும் மேலோட்டமாக வேர் பரப்பும் மரம். ஒரே ஆழத்தில் ஒரே நீருக்குக் கையேந்தி நின்றன. மேல்மண் காய்ந்தது, அத்தனைக்கும் ஒரே நாளில் தாகம். பலவகை மரங்கள் கலந்த காட்டிலே, ஒரு மரத்தைத் தின்ற வண்டு அடுத்த இரைக்கு அலைய வேண்டும். இங்கே அலைச்சலே இல்லை, பக்கத்து இலையிலே பந்தி! எல்லோரையும் ஒரே வார்ப்பில் வார்த்துவிட்டால் வலிமை என்று நினைத்தவர்களின் கணக்கு, மூன்று கோடையிலே கவிழ்ந்தது.

இந்த இடத்தில் நேர்மையாக ஒன்று சொல்லிவிட வேண்டும். நடவு பிழை, அவ்வளவே என்று முடிப்பவரும் இருக்கின்றனர். அதுவும் அரைக் கணக்கே. துரிங்கியா மாநிலத்தில் ஹைனிக் என்றொரு பழங்காடு. பீச் மரக்காடு; உலக மரபுச் சொத்துப் பட்டியலில் இடம்பெற்றது. யாரும் வரிசையில் நட்டதன்று. அங்கும் 2018, 2019 வறட்சிக்குப் பின் முதிய பீச் மரங்கள் காய்ந்தன. நாடெங்கும் ஆண்டுதோறும் மரங்களின் தலைப்பைப் பார்த்துக் கணக்கெடுக்கிறார்கள்; ஐந்து மரத்தில் நான்கு நோயுற்றவை என்று வருகிறது. ஓக் மரமும் தப்பவில்லை. கலப்புக் காடு நின்று போராடுகிறது. ஒற்றைக் காடு மொத்தமாக விழுகிறது. வேறுபாடு அது. அடி விழுவது இரண்டின் மீதும்தான்.

அடிப்பது எது? வெப்பம். 1961 முதல் 1990 வரையிலான முப்பது ஆண்டுகளில் ஜெர்மனியின் சராசரி வெப்பநிலை 8.2 டிகிரி. 2018இல் 10.5. அதுவே உச்சம் என்றனர், 2023இல் 10.6, 2024இல் 10.9! ஆண்டின் சராசரியிலே இரண்டு டிகிரி கூடுவதென்றால் இலேசான செய்தியா? வெப்பக் காற்று மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் அதிகமாக உறிஞ்சும். ஆகவே, அதே மழை பெய்தாலும் மரத்துக்குப் போதாது. மழையின் அளவைப் பார்த்து மட்டும் வறட்சியை அளப்பவர், செலவைப் பாராமல் வரவை மட்டும் எண்ணுபவர்.

வெப்பம் எங்கிருந்து வந்தது? நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகையிலிருந்து. நெய்வேலியிலே நாம் காணும் அதே பழுப்பு நிலக்கரியை, பல பத்தாண்டுக் காலம் உலகிலேயே அதிகமாகத் தோண்டி எரித்த நாடு ஜெர்மனி. அந்தப் புகையின் கரியை இழுத்துக் கட்டையாக்கிச் சேமித்து வந்தது காடு. 2024இல் வெளியான தேசியக் காட்டுக் கணக்கெடுப்பு என்ன சொல்லிற்று? 2017 முதல் 2022 வரையில் அந்தக் காட்டின் கரிச் சேமிப்பு 4 கோடியே 15 இலட்சம் டன் குறைந்துவிட்டது என்று. கடனை அடைத்துக்கொண்டிருந்த காடு, கடன்காரனாகிவிட்டது.

முடியாதது ஒன்றுமில்லை என்பதற்கும் அதே நாட்டில் சான்று உண்டு. 1980களில் மின்நிலையப் புகையின் கந்தகம் அமில மழையாகப் பெய்து, இதே ஹார்ட்ஸ் மலையின் மரங்களைப் பட்டுப்போகச் செய்தது. மக்கள் தெருவில் இறங்கினர். 1983இல் ஆணை பிறந்தது. பெரிய மின்நிலையங்கள் புகையைச் சலித்தே விடவேண்டும் என்று. "தொழில் அழியும்" என்ற பழைய பாட்டு பாடப்பட்டது. கந்தகம் குறைந்தது, தொழில் அழியவில்லை. நிலக்கரிக்கு மட்டும் 2020இல்தான் சட்டம் வந்தது, 2038க்குள் மூடுவதென்று. சுரங்க வட்டாரங்களுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கி, தொழிலாளியை நடுத்தெருவில் விடாமல் மூடுவது என்ற ஏற்பாட்டோடு வந்த சட்டம் அது. அந்த வகையில் பாராட்டுவோம். ஆனால் மரம் 2038 வரை காத்திருக்கவில்லையே!

அடி யாருக்கு? வண்டரித்த கட்டை சந்தையில் குவிந்தது, விலை சரிந்தது. பத்துப் பதினைந்து ஏக்கர் காட்டை, பாட்டன் நட்டதைப் பேரன் வெட்டி மகள் திருமணத்துக்கு வைத்திருப்பானே, அப்படிப்பட்ட சிறு காட்டுக்காரர்கள் அங்கே இலட்சக்கணக்கில் உண்டு. வெட்டுக்கூலிக்கே கட்டவில்லை அவர்களுக்கு. 2020இல் அரசு 50 கோடி யூரோ உதவி அறிவித்தது. எப்படிப் பகிர்ந்தது? எக்டேருக்கு 100 யூரோ என்ற அளவிலே! பத்து எக்டேர்க்காரனுக்கு ஆயிரம். பெருங்காட்டுப் பிரபுவுக்கோ அதைப்போல் பல மடங்கு. சமநீதியாம்!

மரம் வெட்டும் தொழிலாளிக்கோ உயிரே பணயம். பச்சை மரம் சொன்ன பக்கம் சாயும். செத்த மரம் சொல்பேச்சுக் கேட்காது. ரம்பத்தின் அதிர்விலேயே உச்சி முறிந்து தலையில் விழும். காட்டு வேலையிலே ஆபத்து மிகுந்த வேலை எதுவென்றால், காய்ந்து நிற்கும் மரத்தைச் சாய்ப்பதுதான்.

தண்ணீருக்கும் கேடு. ஹார்ட்ஸ் அணைகளின் நீர் வெகுதொலைவில் உள்ள பிரேமன் நகரம் வரை குழாயில் போகிறது. மரம் செத்த சரிவிலே வேர்கள் உறிஞ்சாத உப்புச்சத்து மழையோடு கரைந்து ஓடைக்கு இறங்குகிறது. 2022 செப்டம்பர் 3ஆம் நாள் பிராக்கன் சிகரத்தருகே தீப் பிடித்தது. பேரிடர் நிலை அறிவித்தனர். இத்தாலியிலிருந்து விமானங்கள் பறந்து வந்து தண்ணீர் ஊற்றின. 2024 செப்டம்பரிலும் அதே வட்டாரத்தில் மீண்டும் தீ.

இனி நம்மூர் மலைக்கு வருவோம். வலிந்து இழுத்து வரவில்லை, வழி இருக்கிறது. 1864இல் வெள்ளையர் அரசு இந்தியாவில் காட்டிலாகாவுக்கு முதல் தலைமை அதிகாரியை அமர்த்தியபோது, அவர் ஆங்கிலேயரல்லர். ஜெர்மனியின் பான் நகரத்தில் பிறந்த டீட்ரிக் பிராண்டிஸ். அவருக்குப் பின் வந்த இருவரும் ஜெர்மானியரே. 1882ஆம் ஆண்டுச் சென்னைக் காட்டுச் சட்டம் உருவானதிலும் பிராண்டிசின் கை உண்டு. கிராமத்தாருக்கென்று காடு ஒதுக்க வேண்டும் என்றும் அந்த மனிதர் வாதாடினார். அந்தப் பேச்சை மேலிடம் கேட்கவில்லை, கட்டைக் கணக்கை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொண்டது! நீலகிரியிலே மழைநீரைப் பஞ்சுபோல் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக ஓடைக்கு விடும் சோலைக்காடும் புல்வெளியும் இருந்தன. 'பயனற்ற புல்' என்று கருதி, ஆஸ்திரேலியாவிலிருந்து கொணர்ந்த கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் வரிசை வரிசையாக நட்டனர். முதலில் விறகுக்கு; வெள்ளையன் போனபின் நம்மவர் ஆட்சியிலே, தோல் பதனிடும் பட்டைக்கும் செயற்கைப் பட்டுநூலுக்கும். வெள்ளையனை மட்டும் குறை சொல்லித் தப்ப முடியாது. நட்ட சீகை, நட்ட இடத்தோடு நிற்காமல் புல்வெளியெங்கும் தானே பரவிற்று. 2022இல் தமிழ்நாடு அரசு, அயல் தாவரங்களை அகற்றி இயற்கைக் காட்டை மீட்க ஒரு கொள்கையே வெளியிட வேண்டி வந்தது. சீகையைப் பிடுங்கிவிடலாம், புல் திரும்ப வருவதற்குத்தான் காலம் பிடிக்கிறது. அந்தப் புல்லின் கீழேதான் பவானிக்குப் போகும் தண்ணீர் இருக்கிறது.

ஹார்ட்ஸ் மலையிலே இப்போது இரண்டு வேலை நடக்கிறது. தேசியப் பூங்காவுக்குள் செத்த மரங்களைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டார்கள். "வெட்டி எடுங்கள், தீப்பிடிக்கும்" என்று ஊராரில் ஒரு சாரார் சண்டை போடுகின்றனர். வெளிறிய மலையைப் பார்க்க எவன் வருவான் என்பது விடுதிக்காரர்களின் கவலை. ஆனால் அந்தக் கம்பங்களின் அடியிலே, நிழலும் ஈரமும் கிடைத்த இடங்களில், பிர்ச், ரோவன் போன்ற மரங்கள் தாமாகவே முளைத்து ஆளுயரம் வந்துவிட்டன. உளுத்த கட்டையில் வண்டினங்கள், வண்டைத் தின்ன மரங்கொத்திகள். 2000ஆம் ஆண்டு முதல் கொண்டுவந்து விடப்பட்ட லின்க்ஸ் என்ற காட்டுப்பூனையும் அங்கே குட்டி போட்டு வாழ்கிறது.

பூங்காவுக்கு வெளியே, மீண்டும் நடவு. இம்முறை பீச், மேப்பிள், ஓக், ஃபிர் என்று கலந்து நடுகிறார்கள். நட்ட கன்றின் குருத்தை மான் தின்றுவிடுகிறது, ஆகவே வேலி. வசந்தத்தில் நட்டால் கோடை காய்த்துவிடுகிறது. ஆகவே பல இடங்களில் இலையுதிர் காலத்துக்கு மாற்றிவிட்டனர் நடவை. மண்வெட்டியோடு குனிந்து நிற்பவர்கள் இப்போதும் கூலிக்காரர்களே. அவர்கள் உருவம் பொறித்த காசு மட்டும் இப்போது செல்லாது.